புது டபுள் ரைஃபிளுக்கு எந்தத் தோட்டா? .470 நைட்ரோவில் நான்கு வழிகள்

புதிதாக வாங்கிய டபுள் ரைஃபிளில், அதாவது இரண்டு குழல் பக்கம் பக்கமாக உள்ள ரைஃபிளில், எந்தத் தோட்டா நன்றாகச் சுடும் என்று கேட்பவர் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கிறார். ஒவ்வொரு குழலும் தனித்தனியாக எவ்வளவு நெருக்கமாகச் சுடுகிறது என்பது ஒன்று. இரண்டு குழலும் ஒரே இடத்தில் கொண்டுபோய் வைக்கின்றனவா என்பது மற்றொன்று. ஒற்றைக் குழல் போல்ட் ரைஃபிளில் பழகியவர்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுவார்கள். டபுளுக்கு இரண்டாவதுதான் முக்கியம். ஒவ்வொரு குழலும் 50 மீட்டரில் இரண்டு செ.மீ.க்குள் சுட்டாலும், வலது குழல் ஒரு சாண் வலப்புறமும் இடது குழல் ஒரு சாண் இடப்புறமும் போனால் அந்தத் தோட்டாவால் பயனில்லை.

இங்கே எடுத்துக்கொள்வது .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற காலிபர், அதாவது குழல்-தோட்டா அளவு. இன்று புதிதாகச் செய்யப்படும் பெரிய டபுள்களில் அதிகம் காணப்படுவது இதுதான். கடையில் பல கம்பெனிகளின் தோட்டா கிடைப்பதும் இதற்குத்தான். வேலை, ஜிம்பாப்வேயின் ஜாம்பெசிப் பள்ளத்தாக்கு போன்ற அடர்ந்த புதர்க்காட்டில் ஆப்பிரிக்க எருமை. தூரம், பெரும்பாலும் 50 மீட்டருக்குள்.

இந்தக் காலிபர் பிறந்ததிலேயே நம் நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. 1907-இல் ஆங்கிலேய அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 காலிபரைத் தடை செய்தது. கலகக்காரர்கள் கையில் இருந்த பழைய .450 மார்டினி-ஹென்றித் துப்பாக்கிகளுக்கு அந்தத் தோட்டாவும் குண்டும் போய்ச் சேரும் என்ற பயம். உடனே ஆங்கிலத் துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470, .475 என்று மாற்றுக் காலிபர்களை முன்னிறுத்தின. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் இதற்கு வேட்டைக் களமே இல்லை. ஆனால் ஆப்பிரிக்காவில் .470 இன்னும் நிற்கிறது.

ஒரு சொல் தெளிவு: இந்தக் கட்டுரையில் தோட்டா என்பது கூடு, தீப்பொறி தரும் கேப், மருந்து (வெடிமருந்து), குண்டு எல்லாம் சேர்ந்த முழுப் பொருள். குண்டு என்பது பறந்து போவது மட்டும்.

துப்பாக்கி ஏன் தோட்டாவுக்கு இவ்வளவு ஆடுகிறது

டபுளின் இரண்டு குழல்களும் பார்வைக்கு இணையாகத் தெரியும். உண்மையில் வாய்ப்பக்கம், அதாவது குண்டு வெளியேறும் முனையில், ஒன்றையொன்று நோக்கிச் சாய்த்துப் பற்றவைக்கப்பட்டவை. காரணம் உதை. வலது குழல் துப்பாக்கியின் நடுக்கோட்டுக்கு ஒன்றரை செ.மீ. போல வலப்புறம் இருக்கிறது. அது வெடிக்கும்போது துப்பாக்கி பின்னால் வருவதோடு, வாய் மேலேயும் வலப்புறமும் திரும்புகிறது. இடது குழல் வெடித்தால் மேலேயும் இடப்புறமும்.

குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே இது தொடங்கிவிடுகிறது. 500 கிரெயின் (32.4 கிராம்) குண்டு 60 செ.மீ. குழலைக் கடக்க ஒன்றரை முதல் இரண்டு மில்லிவிநாடி ஆகிறது. அதற்குள் 4.8 கிலோ துப்பாக்கி நான்கு மி.மீ.க்குச் சற்று மேல் பின்னால் வந்திருக்கும். அந்த நேரத்தில் வாய் எவ்வளவு திரும்பும் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் குழல்களைச் சாய்க்கிறார்கள். ரெகுலேட் செய்வது என்பது இதுதான். கைவினைஞர் குழல்வாய்களுக்கு நடுவே உள்ள ஆப்பை நகர்த்தி, சுட்டு, ஈயப்பற்றை உருக்கி, மறுபடி நகர்த்தி, மறுபடி சுட்டு, இரண்டு குழலும் சேரும்வரை செய்வார். அப்போது அவர் கையில் இருந்தது ஒரு குறிப்பிட்ட தோட்டா. அந்தத் தோட்டாவின் வேகத்துக்கும் குண்டின் எடைக்கும் பொருந்தித்தான் ஈயம் உறைந்திருக்கிறது.

இதிலிருந்து ஒரு விதி வருகிறது. மீதி எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

தோட்டா மெதுவாக இருந்தால், குண்டு குழலுக்குள் அதிக நேரம் இருக்கும். வாய் அதிகம் திரும்பிவிடும். வலது குழல் வலப்புறம் விலகும், இடது இடப்புறம் விலகும், இரண்டும் கொஞ்சம் மேலே போகும். தோட்டா வேகமாக இருந்தால் வாய் போதுமான அளவு திரும்பும் முன்பே குண்டு போய்விடும். வலது குழல் இடப்புறம் அடிக்கும், இடது வலப்புறம் அடிக்கும், கொத்து, அதாவது துளைகளின் கூட்டம், கீழே இறங்கும். விலகினால் மெதுவு, குறுக்கே போனால் வேகம்.

என்னென்ன கிடைக்கின்றன

.470-க்குக் காலங்காலமாக இருக்கும் அளவு 500 கிரெயின் குண்டு, விநாடிக்கு 2150 அடி. வாய்ச்சக்தி 5130 அடி-பவுண்டு, சுமார் 6950 ஜூல். எருமைக்கு ஜிம்பாப்வே கேட்கும் குறைந்தபட்சம் 9.2 மி.மீ. குழலும் 5300 ஜூலும். சட்டக் கவலை இல்லை. எடையும் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு ஏன் வித்தியாசம் வருகிறது? மருந்து வேறு, குண்டின் உடல் நீளம் வேறு, குழலின் உள்ளே குண்டைச் சுழலவைக்கும் வரிகளில் அது உரசும் பரப்பு வேறு, வெப்பத்துக்கு மருந்து காட்டும் எதிர்வினை வேறு.

ஹார்னடி இரண்டு வகை தருகிறது: டி.ஜி.எக்ஸ். என்ற விரியும் குண்டு, டி.ஜி.எஸ். என்ற சாலிட், அதாவது விரியாமல் ஊடுருவும் குண்டு. இரண்டுக்கும் வெளி உருவம் ஒன்றுபோலவே, மூக்கு தட்டை, எடை 500 கிரெயின், அறிவித்த வேகம் 2150. இன்றைய தொழிற்சாலைகள் சில தங்கள் .470-களை இந்தத் தோட்டாவை வைத்தே ரெகுலேட் செய்கின்றன. டி.ஜி.எக்ஸ். வாங்கும்போது ‘பாண்டட்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஈயமும் மேலுறையும் ஒட்டப்பட்ட அந்தப் புதிய வகை, பழையதைவிட எலும்பில் சிதறாமல் நிற்கும்.

ஃபெடரல் குண்டுகளை வெளியிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். டிராஃபி பாண்டட் பேர் கிளா, ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேம், முழுச் செம்பாலான பார்ன்ஸ் டி.எஸ்.எக்ஸ்., சாலிடில் பார்ன்ஸ், வுட்லீ ஹைட்ரோ என்று அதன் பட்டியலில் பல வந்துபோயிருக்கின்றன. எல்லாம் 500 கிரெயின், 2150 என்றே அட்டையில் இருக்கும். எல்லாம் ஒரே வேகம் என்று அட்டை சொன்னாலும் முழுச் செம்புக் குண்டும் ஈய உள்ளீடு கொண்ட குண்டும் ஒரே குழலில் ஒரே நேரத்தில் வெளியேறாது. செம்பு ஈயத்தைவிட இலேசு, அதனால் அதே எடைக்குக் குண்டு நீளம். குழலின் வரிகளில் கடிக்கும் விதமும் வேறு.

மூன்றாவது, ஆஸ்திரேலியாவின் வுட்லீ குண்டைச் சுற்றிக் கட்டப்பட்ட தோட்டாக்கள்: ஸ்வீடனின் நார்மா, இங்கிலாந்தில் கைனாம்கோ செய்யும் கைனாக். வுட்லீ பழைய ஆங்கில டபுள்களின் மெல்லிய குழல்களை மனத்தில் வைத்து வடிவமைத்தது. உருண்டை மூக்கு, உரசல் குறைவு. கைனாக், கார்டைட் என்ற அந்தக் கால வெடிமருந்து போட்ட பழைய தோட்டாவின் நடத்தையைப் பின்பற்றிச் செய்யப்படுவது. பழைய .470 துப்பாக்கிகளில் ‘75 கார்டைட், 500 குண்டு’ என்ற பொருளில் பொறித்திருப்பார்கள். அப்படி ஒரு துப்பாக்கி கையில் இருந்தால் இந்த வகையில்தான் தொடங்க வேண்டும். புதுத் துப்பாக்கியில் இது சற்று மெதுவாகவே இருக்கும். நார்மாவின் அறிவித்த வேகமே மற்றவற்றைவிட ஐம்பது அடி போலக் குறைவு.

நான்காவது, கையால் நிரப்பிய தோட்டா. அதற்குப் பிறகு வருவோம்.

ஆனால் எதையும் வாங்கும் முன் பெட்டியோடு வந்த இலக்குத் தாளைப் பாருங்கள். பெரும்பாலான கம்பெனிகள் புதுத் துப்பாக்கியோடு சோதனைத் தாள் ஒன்றைத் தருகின்றன. எந்தத் தோட்டா, எந்தத் தூரம் என்று அதில் எழுதியிருக்கும். எழுதியிருக்காவிட்டால் கம்பெனிக்கு வரிசை எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். இந்த ஒரு கேள்வி நாற்பது தோட்டாவை மிச்சப்படுத்தும். .470 தோட்டாவின் விலை தெரிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

சோதனை மேசையில் ஆரம்பிக்காதீர்கள்

டபுளைக் கெடுத்துப் பார்க்க எளிய வழி, பெஞ்சில் உட்கார்ந்து, குழலை மணல் மூட்டையின்மேல் வைத்துச் சுடுவது. குழலுக்கு அடியில் கெட்டியான தாங்கு இருந்தால் உதையில் அது துள்ளும், கொத்து உயரும். உட்கார்ந்து குனிந்திருக்கும் உடல் பின்னால் அசையாது, துப்பாக்கி திரும்பும் விதமே மாறும். ரெகுலேட் செய்பவர் நின்றபடி, அல்லது உயரமான தாங்கில் கையை வைத்துச் சுட்டிருப்பார். நாமும் அப்படியே செய்ய வேண்டும்.

மார்பு உயரத்தில் ஒரு தாங்கு. மூன்று கால் குச்சியும் போதும், வேட்டையில் கையாளப் போவது அதுதான். முன்கட்டையை இடது கையால் பிடித்து, அந்தக் கையின் புறத்தைத் தாங்கின்மேல் வையுங்கள். துப்பாக்கி தாங்கைத் தொடக்கூடாது. பிடி உறுதியாக, எல்லாச் சூட்டுக்கும் ஒரே அழுத்தத்தில். தளர்ந்த பிடி, மெதுவான தோட்டாவைப் போலவே குழல்களைப் பிரித்துக் காட்டும். தோளில் மாட்டும் பட்டை குழலில் கோத்திருந்தால் கழற்றிவிடுங்கள். கையில் சுற்றி இழுத்தால் குழலையே இழுக்கிறீர்கள்.

4.8 கிலோ துப்பாக்கியில் .470-இன் உதை, சாதாரண .308 ரைஃபிளைப் போல மூன்று, நான்கு மடங்கு. காதுக்குச் சொருகியும் மேல் மூடியும் இரண்டும் வேண்டும். ஒரு நாளைக்குப் பதினாறு தோட்டாவுக்கு மேல் போகாதீர்கள். அதற்குப் பிறகு தாளில் விழுவது தோளின் பயம்தான். இடையில் சுட்டு முடித்த வெற்றுக் கூட்டையோ மருந்தில்லாத டம்மித் தோட்டாவையோ யாராவது ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் போட்டுக் கொடுத்தால், கை முன்கூட்டியே துள்ளுவது பளிச்சென்று தெரிந்துவிடும்.

புதுக் குழலில் எண்ணெய் இருக்கும். துடைத்து உலர்த்திவிட்டு ஒவ்வொரு குழலிலும் ஒரு தோட்டா கணக்கில் சேராமல் சுடுங்கள். ஈயக் குண்டிலிருந்து முழுச் செம்புக் குண்டுக்கு மாறும்போதும் செம்புப் படிவைக் கரைத்து எடுத்துவிட்டு இதையே செய்யுங்கள்.

குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானி இல்லாமல் இந்தச் சோதனை பாதிக் குருட்டுத்தனம். ராடார் வகையானால் பக்கத்தில் வைத்தால் போதும். ஒளிவழியில் பார்க்கும் பழைய வகையானால் வாயிலிருந்து நாலரை மீட்டராவது தள்ளி வையுங்கள். கிட்டே இருந்தால் வாய் வெடிப்பு தவறான எண்ணைத் தரும், சில சமயம் கருவியையே கீழே தள்ளும்.

இனி சுடும் வரிசை. முதலில் 25 மீட்டரில் ஒரே ஒரு ஜோடி, தாளில் விழுகிறதா என்று பார்க்க. பிறகு 50 மீட்டர். முன் விசை வலது குழலுக்கு, பின் விசை இடது குழலுக்கு. சோதனையின்போது சுடும் குழலில் மட்டும் தோட்டா போடுவது நல்லது. உதையில் விரல் நழுவிப் பின் விசையில் விழுந்தால் இரண்டும் சேர்ந்து வெடிக்கும். ஒரு .470-ஐத் தோள் தாங்கும், இரண்டைத் தாங்காது. வலது சுட்டு, திறந்து, இடதில் போட்டு, அரை நிமிடத்துக்குள் இடது சுடுங்கள். அதன்பின் திறந்து, நிழலில் வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். குழலைக் கையால் தொட்டால் காற்றின் சூடுதான் இருக்க வேண்டும்.

இந்தக் காத்திருப்பைப் பலர் தவிர்ப்பார்கள். அங்கேதான் பெரும்பாலான தவறான முடிவுகள் பிறக்கின்றன. இரண்டு குழலும் நீளவாக்கில் ஒட்டப்பட்டவை. வலது குழலில் மட்டும் நான்கு சுட்டால் அது சூடேறி நீளும். இடது நீளாது. இரண்டு உலோகத் தகடு ஒட்டிய பட்டை வளைவதைப்போல முழுக் குழலும் குளிர்ந்த பக்கம், அதாவது இடப்புறம் வளையும். தாளில் கொத்து இடப்புறம் நகர்ந்துகொண்டே போகும். பார்ப்பவர் தோட்டாவைக் குறை சொல்வார். ஆகவே வலது நான்கு, பிறகு இடது நான்கு என்று சுடாதீர்கள். எப்போதும் வலது-இடது ஜோடி, பிறகு ஆற விடு.

ஒவ்வொரு தோட்டா வகைக்கும் நான்கு ஜோடி, எட்டுத் தோட்டா. ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் வ1, இ1 என்று உடனே எழுதுங்கள். மறந்தால் எட்டுத் துளையும் ஒரு கொத்தாகத் தெரியும், எது எந்தக் குழலுடையது என்று தெரியாது. காற்றின் வெப்பத்தையும் பெட்டியில் உள்ள லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணையும் தாளின் ஓரத்தில் குறித்துவிடுங்கள்.

தாள் சொல்வது

எட்டுத் துளையின் மொத்த அகலத்தை முதலில் அளக்காதீர்கள். வலது குழலின் நான்கு துளைக்கு நடுப்புள்ளி, இடது குழலின் நான்குக்கு நடுப்புள்ளி. இந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரமும், யார் எந்தப் பக்கம் என்பதும்தான் விடை.

குழல்வாயில் இரண்டு துளைகளின் நடுவுக்கு நடு 2.8 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதிரித் தாள்கள்:

முதல் தாளில் வலது நடுப்புள்ளி ஒன்றரை செ.மீ. வலப்புறம், இடது ஒன்றரை இடப்புறம். இடைவெளி மூன்று; வாயில் இருந்ததே ஏறக்குறைய அப்படியே. குழல்கள் இணையாகப் போகின்றன. 100 மீட்டரிலும் இடைவெளி 3.2 செ.மீ. போலத்தான் இருக்கும். இதுதான் தேவை.

இரண்டாவதில் வலது நான்கு செ.மீ. வலப்புறம், இடது நான்கு இடப்புறம், கொத்து மூன்று செ.மீ. உயரம். வேகமானி 2070 காட்டுகிறது. தோட்டா மெதுவு. 100 மீட்டரில் இடைவெளி 13 செ.மீ. ஆகிவிடும்.

மூன்றாவதில் வலது இரண்டு செ.மீ. இடப்புறம், இடது மூன்று செ.மீ. வலப்புறம். வெறும் ஐந்து செ.மீ. தான், கொத்து அழகாக இருக்கிறது என்று பலர் இதை எடுத்துக்கொள்வார்கள். ஆனால் இவை 18 மீட்டரிலேயே ஒன்றையொன்று கடந்துவிட்டன. 100 மீட்டரில் கிட்டத்தட்ட 13 செ.மீ. எதிரெதிர்ப் பக்கம். 50 மீட்டரில் பார்ப்பதற்கு இது இரண்டாவது தாளைவிட நல்லது. தொலைவில் இரண்டும் ஒரே அளவு கெட்டது. குறுக்கே போகும் தாளை அதன் அழகுக்காக மன்னிக்கக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை, எண்ணிக்கை பற்றி. ஒரு குழலின் நான்கு சூடும் ஐந்து செ.மீ. வட்டத்தில் விழுகிறது என்றால், அந்த நடுப்புள்ளியின் இடமே ஒரு செ.மீ. போல அங்கே இங்கே ஆடக்கூடியது. இரண்டு குழலும் சேர்ந்தால் இன்னும் அதிகம். ஆகவே ஒரு தோட்டாவின் இடைவெளி மூன்று, மற்றதின் இடைவெளி ஐந்து என்றால் நான்கு ஜோடியை வைத்து முதலாவதே மேல் என்று சொல்ல முடியாது. இரண்டரை செ.மீ.க்கு உட்பட்ட வித்தியாசத்தைச் சமம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குண்டின் தரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரே ஒரு ஜோடி சுட்டு, துளைகள் தொட்டுக்கொண்டிருப்பதைப் படம் எடுத்துக் காட்டுவதற்கு மதிப்பு எதுவும் இல்லை.

50 மீட்டரில் திறந்த பார்வைக் குறியோடு, எட்டும் ஏழு, எட்டு செ.மீ.க்குள் விழுந்தால் நல்ல டபுள், நல்ல தோட்டா. அதற்குமேல் தேடிப் போக வேண்டியதில்லை. எருமையின் உயிர்ப்பகுதி சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரியது.

அப்படியானால் எது

கம்பெனி தன் தாளில் எழுதிய தோட்டா எதுவோ, சோதனையின் அளவுகோல் அதுதான். அதை முதலில் சுடுங்கள். அது இணையாகச் சுடவில்லை என்றால், பிடியிலோ தாங்கிலோ தவறு இருக்கிறதா என்று பாருங்கள். வேறொருவரைச் சுடச் சொல்லுங்கள். அப்போதும் விலகினால் துப்பாக்கி கம்பெனிக்குத் திரும்ப வேண்டியது. வேறு தோட்டா போட்டுச் சமாளிப்பது புதுத் துப்பாக்கியில் செய்ய வேண்டிய காரியம் இல்லை. கொடுத்த காசுக்கு ரெகுலேஷனும் சேர்த்தி.

அது சரியாகச் சுட்டால், மற்றவற்றை ஏன் சோதிக்க வேண்டும்? குண்டுக்காக. ஹார்னடியில் ரெகுலேட் செய்யப்பட்ட துப்பாக்கிக்கு டி.ஜி.எக்ஸ். பாண்டட், டி.ஜி.எஸ். இரண்டும் மாற்றமில்லாமல் ஒரே இடத்தில் விழுவது பெரிய வசதி. எருமைக்கு முதல் குண்டு விரிவது, இரண்டாவது சாலிட் என்பது நெடுநாள் வழக்கம். கூட்டத்தில் முதல் சூடு சாலிடாக இருந்தால் குண்டு ஊடுருவிப் பின்னால் நிற்பதையும் காயப்படுத்தும். காயம்பட்டு ஓடும் எருமைக்குப் பின்பக்கத்திலிருந்து ஆழம் வேண்டும், அதற்குச் சாலிட். இரண்டும் ஒரே உருவமாக இருந்தால்தான் வலதில் ஒன்று, இடதில் ஒன்று என்று போட முடியும்.

விரியும் குண்டாக மட்டும் பார்த்தால் ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேமும் டிராஃபி பாண்டடும் ஒரு படி மேலே. ஏ-ஃபிரேமின் நடுவில் உள்ள குறுக்குச் சுவர், முன்பாதி விரிந்து தேய்ந்தாலும் பின்பாதியைக் காப்பாற்றுகிறது. இடைவெளிக் கணக்கில் ஹார்னடியோடு சமமாக வந்தால் வலது குழலுக்கு ஏ-ஃபிரேமையே எடுப்போம். ஆனால் அதற்குத் துணையாக வரும் சாலிட் வேறு கம்பெனிக் குண்டு. அதையும் நான்கு ஜோடி சுட்டாக வேண்டும். ‘இதுவும் 500, இதுவும் 2150’ என்று அட்டையை நம்பி விட்டுவிடக் கூடாது.

முழுச் செம்புக் குண்டு ஆழத்துக்குக் கேட்க வேண்டியதில்லை. அதை வைத்துக்கொள்வதற்கு முன் துப்பாக்கிக் கம்பெனியின் கையேட்டில் அனுமதி இருக்கிறதா பாருங்கள். ஈயம் அழுந்தும், செம்பு அழுந்தாது. மெல்லிய பழைய குழல்களில் வரிகள் வெளிப்பக்கம் நிழலாகத் தெரியும் அளவுக்கு அழுத்தம் ஏறிய சேதங்கள் இந்தக் கடினக் குண்டுகளோடு சேர்த்துத்தான் பேசப்படுகின்றன. புதுக் குழலுக்கு அந்தப் பயம் குறைவு. பழைய ஆங்கிலத் துப்பாக்கிக்கு வேண்டவே வேண்டாம்.

வுட்லீ குண்டுள்ள தோட்டா, புதுத் துப்பாக்கியில் விலகிக் காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். துப்பாக்கியும் தப்பில்லை, தோட்டாவும் தப்பில்லை. மெதுவான தோட்டா. அதே துப்பாக்கியை 40 டிகிரி வெயிலில் சுட்டால் மருந்து சூடேறி வேகம் கூடும், விலகல் குறையும். ஐரோப்பிய மார்ச் மாதக் குளிரில் சோதித்து, அக்டோபரில் ஜாம்பெசிக்குப் போகிறவர் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். குளிரில் கச்சிதமாக இணையாக இருந்த தோட்டா அங்கே சற்றுக் குறுக்கே போகலாம். குளிரில் ஒரு மயிரிழை விலகி இருந்தது அங்கே சரியாக நிற்கும். கார்டைட் காலத்தில் இது இன்னும் மோசம். இங்கிலாந்தின் குளிரில் அளந்த தோட்டா இந்திய வெயிலில் அழுத்தம் ஏறிக் கூடு அறையில் சிக்கிக்கொள்ளும். அதனால்தான் மருந்தைக் குறைத்த வெப்பமண்டலத் தோட்டா என்று தனியாக விற்றார்கள்.

சின்னக் காலிபர் டபுள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 9.3×74 ஆர் போன்றவற்றில் குண்டின் எடையே 232, 258, 286, 293 கிரெயின் என்று பரவிக் கிடக்கிறது. அங்கே இலேசான குண்டை முயற்சி செய்து காலம் கழிக்க வேண்டாம். ரெகுலேட் செய்த எடைக்குப் பக்கத்திலேயே இருங்கள்.

கையால் நிரப்புவது

எந்த ஆயத்தத் தோட்டாவும் சரியாக வரவில்லை, அல்லது நினைத்த குண்டு தோட்டாவாகக் கிடைக்கவில்லை என்றால் இதுதான் வழி. டபுளுக்கு இதைவிடப் பொருத்தமான வழியும் இல்லை, வேகத்தை நாமே திருகலாம். குண்டுக் கம்பெனியின் கையேட்டில் உள்ள தொடக்க அளவில் ஆரம்பித்து, ஒரு கிரெயின் படியாக ஏற்றி, ஒவ்வொரு படிக்கும் இரண்டு ஜோடி சுடுங்கள். கீழ்ப்படியில் விலகி நிற்கும். ஏற ஏற நெருங்கும். ஒரு படியில் இணையாகும். அடுத்த படியில் குறுக்கே போகத் தொடங்கும். அங்கே நிறுத்தி, முந்தைய படிக்குத் திரும்பி நான்கு ஜோடியால் உறுதி செய்யுங்கள். கையேட்டின் உச்ச அளவைத் தாண்டியும் நெருங்கவில்லை என்றால் அந்த மருந்தை விட்டுவிடுங்கள்.

தவறுவது மூன்று இடத்தில். ஒன்று, .470 கூடு பெரியது. சில மருந்துகள் அதை நிரப்பாது. மேல்நோக்கிப் பிடித்துச் சுட்டால் ஒரு வேகம், கீழ்நோக்கினால் வேறு வேகம். மருந்தை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்க ஒரு இலேசான நிரப்புப் பொருளைக் கையேடு போடச் சொன்னால் போடுங்கள், சொல்லாவிட்டால் நீங்களாகப் போடாதீர்கள். இரண்டு, மடிப்பு, அதாவது குண்டைப் பிடித்து வைக்கக் கூட்டின் வாயை உள்ளே மடிப்பது. வலது குழல் சுடும்போது இடது குழலில் காத்திருக்கும் தோட்டாவுக்கும் அதே உதை. வாய் சரியாக மடிக்கப்படாவிட்டால் குண்டு முன்னால் நகர்ந்துவிடும். இரண்டிலும் தோட்டா போட்டு வலதை மட்டும் சுட்டு, இடது தோட்டாவை எடுத்து வெர்னியரில் நீளம் அளந்து பாருங்கள். நகர்ந்திருந்தால் மடிப்பை இறுக்க வேண்டும். கடைத் தோட்டாவையும் ஒருமுறை இப்படிப் பார்ப்பதில் தவறில்லை. மூன்று, அழுத்தம். போல்ட் ரைஃபிளில் சிக்கிய கூட்டை நெம்பி எடுக்கும் பலம் டபுளுக்குக் கிடையாது. துப்பாக்கி திறக்கக் கனத்தால், எஜெக்டர் கூட்டை வெளியே எறியாமல் நின்றால், அந்த அளவு அதிகம்.

பார்வைக் குறியைத் தொடுவது கடைசியில்

தோட்டா முடிவான பிறகுதான் அரம். கொத்து இணையாக, ஆனால் 50 மீட்டரில் 7.5 செ.மீ. கீழே விழுகிறது, இரண்டு குறிகளுக்கும் இடையே 45 செ.மீ. என்றால்: 75 மி.மீ. பெருக்கல் 450, வகுத்தல் 50,000, விடை 0.68 மி.மீ. முன்குறியை அவ்வளவு குறைத்தால் கொத்து மேலேறும். பாதிதான் முதலில் தேயுங்கள். மேலே அடித்தால் உயரமான முன்குறி வாங்க வேண்டும், தேய்த்ததை ஒட்ட முடியாது. சிவப்புப் புள்ளிக் கண்ணாடியோ டெலஸ்கோப்போ பொருத்த எண்ணம் இருந்தால் சோதனையை அதோடு சேர்த்தே செய்யுங்கள். முந்நூறு, நானூறு கிராம் மேலே ஏறினால் துப்பாக்கி திரும்பும் விதமும் மாறும்.

புறப்படும் முன்

தேர்ந்தெடுத்த தோட்டாவின் அதே லாட்டில் ஒன்றாக வாங்கிவிடுங்கள். விமானத்தில் ஒருவருக்கு 5 கிலோதான், ஒரு .470 தோட்டா அறுபத்தைந்து கிராம் அளவில் இருப்பதால் பெட்டியோடு எழுபதைத் தாண்டாது. விரிவது முப்பது, சாலிட் இருபது போதுமானது.

அத்தனை தோட்டாவையும், வெளியே பாதுகாப்பான திசையில் வாயை வைத்து, விரலை விசையிலிருந்து விலக்கி, ஒவ்வொன்றாக இரண்டு அறையிலும் போட்டுத் துப்பாக்கியை மூடித் திறந்து பாருங்கள். விளிம்பு தடித்த ஒன்று மூடவிடாது. கூடு சற்றுப் பெருத்தது எடுக்க வராது. அப்படிப்பட்டவற்றைச் சுடாமல் தனியே ஒதுக்கிவிடுங்கள். எருமைக்கு முன்னால் இரண்டாவது ஜோடி போடும்போது அது கையில் வந்து மாட்டக்கூடாது.

முகாமில் இறங்கியதும், மதிய வெயிலில், குச்சியில் கையை வைத்து, இரண்டு குழலிலும் தோட்டா போட்டு, 50 மீட்டரில் ஒரு ஜோடி. வலதில் விரிவது, இடதில் சாலிட். இரண்டும் உள்ளங்கைக்குள் விழுந்தால் குழலைத் துடைக்காமல் அப்படியே உறையில் போடுங்கள்.